நாடோடிக்காற்று

நாடோடிக்காற்று, சத்யன் அந்திக்காடு இயக்கத்தில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த மலையாள நகைச்சுவைத் திரைப்படம். சித்திக், லால் ஆகிய இருவரின் கதைக்கு ஸ்ரீனிவாசன் திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். ஷியாம் இசையமைக்க, விபின் மோகன் ஒளிப்பதிவு செய்தார். தாசனாக மோகன்லாலும் விஜயனாக ஸ்ரீனிவாசனும் நடித்தனர். வேலையற்ற இரு நண்பர்கள் இரகசியப் பொலிஸார் என்று தவறாகக் கருதப்பட்டு, இறுதியில் உண்மையாகவே பொலிஸ் வேலையில் அமர்வதே இதன் கதை. இந்திய மொழிகளில் எழுந்த இணைப் பொலிஸ் படங்களுள் காலத்தால் தேயாதது என்று சொல்லத் தக்கது இது.

இணைப் பொலிஸ் படம் என்பது, இயல்பால் ஒவ்வாத இருவர் ஒரே வழக்கில் பிணைக்கப்பட்டு, முதலில் முரண்பட்டு, ஆபத்தின் நடுவே நட்புக் கொள்ளும் கதையமைப்பைக் குறிக்கும். இதன் வித்தை யப்பானிய இயக்குநர் அகிரா குரொசாவா 1949இல் எடுத்த ‘ஸ்ட்ரே டோக்’ படத்தில் காணலாம். கைத்துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளர் ஒருவர், அனுபவம் முதிர்ந்த மூத்தவருடன் சேர்ந்து கோடை வெக்கையில் தோக்கியோ நகரெங்கும் அதைத் தேடி அலைவதாக அமைந்த அப்படம், பதற்றமும் நிதானமும் அருகருகே நடக்கும்போது இரண்டும் துலங்கும் என்பதை முதலில் காட்டியது. 1967இல் வந்த ‘இன் த ஹீட் ஒஃப் த நைட்’ என்னும் அமெரிக்கப் படம் இதே அமைப்பில் இனப் பிரச்சினையை வைத்தது: பிலடெல்பியாவிலிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளரும் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர் ஒன்றின் வெள்ளையினப் பொலிஸ் தலைவரும் ஒரு கொலை வழக்கில் ஒருவரையொருவர் நம்பவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற அப்படத்தில் நகைச்சுவைக்கு இடம் குறைவு. 1974இல் வந்த ‘ஃப்ரீபி அன்ட் த பீன்’ அதனைச் சேர்த்தது. 1982இல் வால்டர் ஹில் இயக்கிய ‘ஃபோர்ட்டி எய்ட் அவர்ஸ்’, சிறையிலிருந்து 48 மணி நேரத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட கைதியைப் பொலிஸ்காரருக்குத் துணையாக்கி, சண்டையையும் சிரிப்பையும் சரிபாதியாகக் கலந்தது. மெல் கிப்சனும் டானி குளோவரும் நடித்த ‘லீதல் வெப்பன்’ வெளிவந்த ஆண்டும் நாடோடிக்காற்று வெளிவந்த ஆண்டும் ஒன்றே. எனினும் இரண்டுக்கும் இடையே கடன் வாங்கல் இல்லை, ஊற்றுகள் வேறு.

நாடோடிக்காற்றின் ஊற்று கேரளத்தின் படித்த, வேலையற்ற இளைஞன். சத்யன் அந்திக்காடும் ஸ்ரீனிவாசனும் 1986இல் தந்த ‘டி. பி. பாலகோபாலன் எம். ஏ.’, ‘காந்திநகர் செக்கண்ட் ஸ்ட்ரீட்’ ஆகிய படங்களில் அவன் ஏற்கெனவே வந்துவிட்டான். பின்னதில் பிழைப்புக்காகக் கூர்க்கா வேடமிட்டுத் தெருக்காவல் புரிகிறான். அந்த வேடமே ஓராண்டில் இரட்டிப்பாகித் தாசனும் விஜயனுமாக மாறியது எனலாம். முதன்மைப் பாத்திரங்கள் முடிவில்தான் பொலிஸில் சேர்கின்றன என்பதால் இதனை இணைப் பொலிஸ் படமாகக் கொள்ளலாகாது, சமூக நகைச்சுவையாகவே கொள்ளவேண்டும் என்ற கருத்தும் உண்டு. ஆனால் கதையின் பெரும்பகுதியில் கள்ளக்கடத்தற்காரர் கண்ணுக்கு இவ்விருவரும் பொலிஸாரே. வழக்கும் துரத்தலும் பிடிப்பும் அந்த நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. எனவே இப்படம் அவ்வகையைச் சேர்ந்ததே.

தாசன் வணிகவியலில் முதல் வகுப்பில் தேறிய பட்டதாரி. விஜயன் புகுமுக வகுப்பில் தவறியவன். இருவரும் ஒரே நிறுவனத்தில் பியோன்களாக இருந்து, ஒரே வாடகை அறையில் வாழ்கின்றனர். முதல் வகுப்பின் பெருமையை வைத்துத் தாசன் அதிகாரம் செய்வதும், பொறுக்கும் வரை பொறுத்து விஜயன் திருப்பித் தாக்குவதும் இவர்களின் அன்றாடம். தெருவில் தாம் அவமதித்த மனிதரே புதிய நிர்வாக இயக்குநர் என அறிந்ததும், ஒருவன் தாடி ஒட்டியும் மற்றவன் கறுப்புக் கண்ணாடி மாட்டியும் வேலைக்கு வருகின்றனர், வேலை போகிறது. வங்கிக் கடனில் வாங்கிய மாடுகள் சொன்ன அளவு பால் கறப்பதில்லை. அதன் பின்னரே கபூர் என்னும் பயண முகவர் (மாமுக்கோயா) வருகிறார்: கலிபோர்னியா செல்லும் உரு, அதாவது மரக்கலம், டுபாய்க் கரையோரமாகத் திருப்பப்படும், நீந்திக் கரையேறிவிடலாம் என்கிறார்.

படத்தின் உச்சம் அந்தக் கரையேற்றம். நனைந்த சட்டையைக் கழற்றி, பையில் பத்திரமாகக் கொண்டுவந்த அரபு அங்கியை மாட்டி, தலைத்துணி கட்டி, சேக்குகளின் நடையைப் பழகியவாறு இருவரும் மணலில் நடக்கின்றனர். யாரோ இருவர் வந்து பெட்டியை மாற்றிக்கொண்டு போகின்றனர். அதுவும் அந்நாட்டு வழக்கமாக இருக்கும் என்று எண்ணுகின்றனர். சற்றே நடந்தபின் தமிழ் எழுத்துப் பலகைகள் கண்ணில் படுகின்றன. வந்திறங்கிய இடம் சென்னை. பெட்டியில் இருந்த போதைப்பொருளைப் பொலிஸில் ஒப்படைக்கவே, கடத்தல் தலைவன் ஆனந்தன் நம்பியார் (திலகன்) இவர்களை மாறுவேடத்தில் வந்த சி.ஐ.டி.கள் என்று முடிவு செய்கிறான். பிறகு அவனுடைய நிறுவனத்திலேயே தாசன் வேலைக்குச் சேர, அவனது அச்சம் உறுதியாகிவிடுகிறது. அறியாமையால் இவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் மிரட்டலாக விழும் முறை ஸ்ரீனிவாசனின் எழுத்துத் திறனுக்குச் சான்று. எவரும் பொய் சொல்லாமலே ஒரு பெரும் பொய் வளர்கிறது.

கபூரை வெறும் கோமாளியாகப் பார்ப்பது போதாது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து கேரளத்தின் கரையோரக் குடும்பங்களை வளைகுடா இழுத்தது. முகவர் மோசடி பெருகியதால் இந்தியா 1983இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. இலங்கையும் 1985இல் இதே நோக்கத்துடன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. ‘ஏஜென்சிக்காரனிடம்’ காணியை ஈடுவைத்துக் காசு கட்டிய குடும்பங்கள் மூதூர், கிண்ணியா, சம்பூர்ப் பக்கங்களில் இன்றும் உள்ளன. ஆகவே அந்த உருவும் அந்த வாக்குறுதியும் கொட்டியாரக்குடாக் கரையில் வாழ்வோருக்கு அந்நியமானவை அல்ல. 1980களில் மின்பிறப்பாக்கியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவிரவாக இந்தியப் படங்கள் பார்த்த கிழக்கிலங்கைத் தலைமுறை, அதே ஆண்டுகளில் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கிய உறவினரையும் கொண்டிருந்தது. 2006இல் ஊரோடு இடம்பெயர்ந்து, 2015இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூர் மக்களுக்கு, தவறான கரையில் இறங்கியவனின் திகைப்பு சிரிப்போடு நின்றுவிடாது.

ஒரு வேறுபாடும் இங்கு குறிக்கத் தக்கது. படத்தில் சி.ஐ.டி. என்ற தவறான அடையாளம் இரு ஏழைகளைக் காக்கும் கவசமாகிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த இலங்கைத் தமிழருக்கோ தவறாக அடையாளம் காணப்படுதல் தடுப்புக்காவலுக்கான வழி. அதனாலேயே பொலிஸ் வேலையை வாழ்வின் பரிசாக வழங்கும் இப்படத்தின் முடிவு, கேரளத்தில் பெறும் ஆரவாரத்தை இங்கு முழுமையாகப் பெற இயலாது. அது படத்தின் குற்றமன்று.

நெடுங்காலம் கழித்து மீண்டும் பார்க்கையில் முன்பாதியே உறுதியாக நிற்கிறது. மாடு, வங்கிக் கடன், வாடகை, மாற்றிப் போட இல்லாத சட்டை ஆகியவை சார்ந்த காட்சிகளில் ஒரு நொடியும் பழமை தட்டவில்லை. கூலிக்கொலையாளி பவனாயி (கப்டன் ராஜு) ஆயுதப் பெட்டியைத் திறந்து, இயந்திரத் துப்பாக்கி முதல் மலப்புரம் கத்தி வரை வியாபாரிபோல் எடுத்துக்காட்டும் காட்சியும் அவ்வாறே. அத்தனை படாடோபமும் கோபுரத்திலிருந்து தவறி விழுவதில் முடிவது, அதிரடிப் படங்களின் வில்லன் மரபுக்கு எழுதப்பட்ட சிறந்த விமர்சனம். கைவிடப்பட்ட கட்டடத்தில் நிகழும் இறுதிச் சண்டை மட்டும் நீண்டு தளர்கிறது. சோபனா ஏற்ற ராதா, கைகொடுத்து உதவும் அறிவுள்ள பெண்ணாகத் தொடங்கி, பின்பாதியில் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள்.

படம் 1988இல் ‘கதாநாயகன்’ என்ற பெயரில் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது, பாண்டியராஜனும் எஸ். வி. சேகரும் நடித்தனர். மூலத்தின் ஆழமான நகைப்பு, அந்நிய நகரத்தின் மொழியை எழுத்துப்பலகையில் காணும் மலையாளியின் அதிர்ச்சியில் இருந்ததால், தமிழுக்கு வந்தபோது அதன் ஒரு பகுதி இயல்பாகவே குறைந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் தழுவல்கள் உண்டு. மலையாளத்தில் இரு தொடர்ச்சிகள் வந்தன: இருவரும் சி.ஐ.டி.களாகக் கேரளம் திரும்பும் ‘பட்டணப்பிரவேசம்’ (1988), களவுபோன தங்கக் கிரீடத்தைத் தேடி அமெரிக்கா செல்லும் ‘அக்கரே அக்கரே அக்கரே’ (1990, இயக்கம் பிரியதர்சன்). மூன்றுக்கும் எழுத்து ஸ்ரீனிவாசனே. வேலை கிடைத்துவிட்டதால் பின்னிரண்டிலும் பசி இல்லை, பசி நீங்கியதால் முதற்படத்தின் கூர்மையும் இல்லை.

திலகன் 2012இலும், கப்டன் ராஜு 2018இலும், பாலனாக நடித்த இன்னசென்ட், மாமுக்கோயா, கதாசிரியர்களுள் ஒருவரான சித்திக் ஆகியோர் 2023இலும் காலமாயினர். படம் இப்போது இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது.