அடி அடியாக உயர்ந்த அணை: இரணைமடுவும் வன்னிக் குளங்களின் திருத்த வரலாறும்

வன்னிப் பெருநிலப்பரப்பைச் சேர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு என்று பெயர் பெற்றவையெல்லாம் ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவமழையில் பெருக்கெடுத்து, சித்திரைக்குள் மணற்படுகையாகிவிடுபவை. ஆதலால் இந்நிலத்தில் நெல் விளைவது மழையால் என்பதைவிட, மழையைத் தடுத்து வைக்கும் மண்கட்டுகளால் என்பதே பொருந்தும். வன்னியின் குளங்களைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி அவற்றைப் பண்டை மன்னர்களின் நிறைவுற்ற சாதனைகளாகவே காட்டுகிறது. ஆனால் கடந்த 200 ஆண்டுகளின் வரலாற்றைத் தொடர்ச்சியாக நோக்கும்போது வேறொரு காட்சி தெரிகிறது: குறையற்ற பெருந்திட்டம் ஒன்றுக்காகக் காத்திருந்த காலங்களில் இந்நிலம் காடாகவே கிடந்தது, குறையுள்ள, பாதியளவான, பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவோடு தொடங்கப்பட்ட வேலைகளே இங்கு மக்களைக் குடியிருத்தின.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் வறண்ட வலயத்தைக் கண்ட ஐரோப்பிய அதிகாரிகளை முதலில் ஆட்கொண்டது வியப்பே. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், வன்னியின் தென்கிழக்கு எல்லையை ஒட்டிய பதவியாக் குளத்தின் பாழடைந்த கட்டைப் பார்வையிட்டு, அதை எழுப்ப எத்தனை ஆட்கள் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டும் என்ற கணக்கைத் தமது நூலில் பதிவு செய்தார். அத்தகைய கணக்குகள் வாசகரை மலைக்க வைத்தனவேயன்றி எவரையும் மண்வெட்டி எடுக்கத் தூண்டவில்லை. மன்னார்ப் பகுதியிலுள்ள கட்டுக்கரைக் குளத்தின் கதையும் இதற்கு அணுக்கமானது. ஒல்லாந்தர் காலத்திலேயே அதைத் திருத்தும் எண்ணம் இருந்தும், பண்டையோர் மட்டம் பிசகிக் கட்டிவிட்டனர் என்றொரு கருத்து நெடுங்காலம் உலவியது. பின்னர் முறையாக மட்டம் எடுத்தபோது பண்டையோர் கணிப்பே சரியென்று தெரியவந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருத்தம் கைகூடியது. இடைப்பட்ட தலைமுறைகள் அந்தக் குளத்தின் நீரின்றியே வாழ்ந்து மறைந்தன.

பெருங்குளங்கள் இவ்வாறு வியப்புக்கும் ஐயத்துக்கும் இடையில் கிடக்க, ஊர்க்குளங்களின் நிலை வேறாக இருந்தது. அரசுக்குக் கட்டாய உழைப்பு வழங்கும் இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டபோது, அதனோடு சேர்ந்து குளக்கட்டைப் பேணும் ஊர்க்கடமையும் தளர்ந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணிகளின் நீர்ப்பாசனம் தொடர்பான பழைய ஊர்வழமைகளை உரியவர்களின் இசைவோடு மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வழிசெய்தது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிரெகரி இதற்கு மேலும் ஒரு நடைமுறை விதியைச் சேர்த்தார்: ஊரவர் தம் உழைப்பால் மண்கட்டைத் திருத்தி முடித்தால், நீரைத் திறந்து மூடும் வாயிலாகிய துருசை அரசு இலவசமாக வழங்கும். ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே காலத்தில் திட்டம் தீட்டுவதைவிட, எந்த ஊர் தன் பங்கை முடிக்கிறதோ அந்த ஊரின் குளத்தில் முதலில் நீர் நிற்கட்டும் என்ற இந்த ஏற்பாடு, அக்கால நிருவாகத்தில் காணக் கிடைக்கும் மிகத் தெளிவான சிந்தனைகளுள் ஒன்று.

ஊர்வழமையின் உட்கூறாகிய பங்கு முறையைச் சற்று விரித்துரைப்பது தகும். ஒரு குளத்தின் கீழ் ஒருவருக்கு எவ்வளவு வயல் உண்டோ அந்த அளவுக்கேற்பக் குளக்கட்டின் குறித்த நீளம் அவர் பொறுப்பில் விடப்படும். மழைக்கு முன்னர் அந்த நீளத்தில் முளைத்த செடிகொடிகளை வெட்டுவதும், மாடு மிதித்தும் மழை அரித்தும் தாழ்ந்த இடங்களுக்கு மண் போடுவதும் அவர் கடமை. இதை மேற்பார்வையிட்டு நீரையும் பங்கிட்டவர் வட்டவிதானை எனப்பட்டார். இந்த முறையில் குளம் என்றேனும் முற்றாகத் திருத்தப்பட்டுவிடும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. மண்கட்டு ஆண்டுதோறும் கரையும், ஆண்டுதோறும் நிரப்பப்படும். ஒருவர் தம் பங்குக்குரிய சில பாக நீளத்தை இவ்வாண்டு செய்தாரா என்பதே கேள்வி. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இப்பகுதியின் நிலையை விரிவாகப் பதிந்துள்ளது. அந்த ஆவணத்தின் பெறுமதி, வன்னியை அழிந்துபோன பேரரசாகக் காணாமல், அன்றாடம் நோயோடும் காட்டோடும் போராடிக்கொண்டிருந்த சிற்றூர்களின் தொகுதியாகக் கண்டதில் இருக்கிறது.

இரணைமடுவின் வரலாறு இந்தப் பின்னணியிலேயே தொடங்குகிறது. கனகராயன் ஆற்றின் வழியில் இணையாகக் கிடந்த இரு மடுக்களை ஒரே கட்டினால் மறித்துப் பெருங்குளமாக்கலாம் என்ற திட்டத்தை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1885இல் வகுத்தார். வவுனிக்குளத்தைப் பண்டை நூல்கள் கூறும் பேலிவாபி என அடையாளங்கண்டவரும், பின்னர் 1909இல் பண்டைய இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டவரும் இவரே. திட்டம் வகுக்கப்பட்டு 17 ஆண்டுகள் கழிந்தே வேலை தொடங்கியது. நீர்ப்பாசனத் திணைக்களம் தனியொரு திணைக்களமாக 1900இல் அமைந்தது; 1902இல் இரணைமடுவில் மண்வேலை ஆரம்பித்து, 1920 அளவிலேயே முதற்கட்டம் நிறைவெய்தியது. அவ்வாறு கிடைத்த குளமும் இன்றைய குளத்தின் அளவில் ஒரு பகுதியையே கொண்டிருந்தது.

இதைக் குறையாகக் கருதுவோர் மண்ணணையின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். நீரேந்து பரப்பு, அதாவது எவ்விடங்களில் பெய்யும் மழை வடிந்து குளத்துக்கு வருகிறதோ அந்த நிலப்பரப்பு, இரணைமடுவுக்கு ஏறத்தாழ 227 சதுர மைல். அதிலிருந்து ஓர் ஆண்டில் எவ்வளவு நீர் வரும் என்பதை நெடுநாள் அளவீடின்றி எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. நீரைத் தடுக்கும் கட்டு ஒன்று இருந்தாலோ அந்த அளவீடு எளிதாகும். எனவே அளவான கட்டைக் கட்டி, மழைக்காலத்தில் மிகுநீர் வெளியேறும் வாயிலாகிய வான் எத்தனை முறை பாய்கிறது என்று ஆண்டுக்காண்டு பார்த்து, அதன்பின் உயர்த்துவதே அறிவுடைய வழி. இரணைமடு 1948 முதல் 1951 வரையிலும், மீண்டும் 1954 முதல் 1956 வரையிலும், மூன்றாம் முறையாக 1975 முதல் 1977 வரையிலும் உயர்த்தப்பட்டு, 34 அடி ஆழத்தில் 106,500 ஏக்கர்-அடி நீரைக் கொள்ளும் நிலையை அடைந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி. குளம் மேலே செல்லச் செல்ல விரிவதால், கடைசியில் சேர்க்கப்படும் ஒவ்வோர் அடியும் அடியில் உள்ள அடிகளைவிடப் பன்மடங்கு நீரைத் தருகிறது. பின்னாளில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டபோது ஆழம் நூற்றுக்கு 6 என்ற அளவிலேயே கூடியது. கொள்ளளவோ 119,500 ஏக்கர்-அடியாகி, நூற்றுக்கு 12 என்ற அளவில் பெருகியது. முதற்கட்டத்தின் எளிய கட்டு இல்லாதிருந்தால் இந்தப் பிற்பயனுக்கு இடமே இருந்திராது.

நிலத்தின் மக்களும் அவ்வாறே படிப்படியாக வந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கோடு 1936இல் தொடங்கப்பட்ட குடியேற்றத் திட்டத்திலிருந்தே கிளிநொச்சி நகர் உருவானது. அது 1934–35இல் இலங்கை முழுவதையும் உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய்க்கு மறு ஆண்டு. நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டதோ 1946க்குப் பின்னர். நோய் நீங்கிய பின்னரே குடியேறுவது என்று காத்திருந்தால் மேலும் ஒரு பத்தாண்டு கழிந்திருக்கும். முதலில் வந்தவர்கள் காய்ச்சலோடும் யானைகளோடும் காட்டை வெட்டினார்கள்; அதற்கு அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கொடுத்த விலை பெரியது. அந்த விலையை மறைத்துவிட்டு அவர்களின் துணிவை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. ஆயினும் உருத்திரபுரம், பரந்தன், முரசுமோட்டை, வட்டக்கச்சி, இராமநாதபுரம் என இன்று நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர்களை நோக்கும் எவரும், வாய்க்கால் முழுமையாகாத, வீதி போடப்படாத, வைத்தியசாலை தொலைவிலிருந்த நாட்களில் மண் அணைத்து வரம்பு கட்டியவர்களுக்குக் கடன்பட்டிருப்பதை உணராமல் இருக்க முடியாது.

படிப்படியாகச் செய்வது என்பது எதையும் அரைகுறையாக விடுவதற்கான அனுமதியாகிவிடாது. 1957 டிசம்பர் வெள்ளத்தில் வறண்ட வலயமெங்கும் பல குளங்கள் உடைப்பெடுத்தன. 1986 ஏப்ரலில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து பலர் உயிரிழந்தனர். குளவேலையில் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியவையும் விடக்கூடாதவையும் உண்டு. வாய்க்காலை அடுத்த ஆண்டு நீட்டலாம், கட்டின் உயரத்தை அடுத்த தலைமுறை கூட்டலாம். துருசைச் சுற்றிய மண்ணும், அலை அரிக்காமல் காக்கும் கற்பாவலும், வானின் அகலமும் அன்றைய உயரத்துக்கு ஏற்றவாறு அன்றே உறுதியாக இருந்தாக வேண்டும். இரணைமடுவின் வரலாறு கற்பிக்கத்தக்கதாக இருப்பது இந்த வேறுபாட்டினால்தான்: ஒவ்வொரு கட்டமும் சிறியது, ஆனால் தன்னளவில் நீரைத் தாங்கக் கூடியது. அதேவேளை குளம் உயர்ந்த வேகத்துக்கு வாய்க்கால்கள் ஈடுகொடுக்காததால், வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்கள் நீருக்கு ஏங்குவதும் இந்த வழியின் விளைவே. அதை இத்திட்டத்தின் உண்மையான குறையாக ஏற்க வேண்டும்.

1996க்கும் 2009க்கும் இடையில் கிளிநொச்சி நகர் மும்முறை கைமாறியது. போர் 2009 மே மாதம் முடிந்தபோது வன்னியின் மக்களுள் பெரும்பாலோர் வவுனியாவை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் இருந்தனர். அந்த முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற வீடுகள், தூர்ந்த வாய்க்கால்கள், கண்ணிவெடி அகற்றப்படாத காணிகள். எல்லாம் சீராகட்டும் என்று இருப்பதற்கு அவர்களிடம் ஆண்டுகள் இல்லை. விடுவிக்கப்பட்ட காணி எதுவோ அதில், கிடைத்த விதைநெல்லோடு, மாரிமழையை நம்பும் காலபோகச் செய்கை தொடங்கியது. விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் துணையோடு நடந்த இரணைமடுத் திருத்த வேலையும் 36 அடி நீர்மட்டமும் அதற்குப் பின்னரே வந்தன. அதனோடு பிணைந்திருந்த, யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் யோசனை கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் 2013 அளவில் பெரும் சர்ச்சையாகி, முடிவில் யாழ்ப்பாணத்துக்கான நீருக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்துகொள்ளப்பட்டது. குளத்தின் கீழுள்ள வயல்களுக்கே நீர் போதாத ஆண்டுகளை நேரில் அறிந்தவர்களின் அச்சத்தை வெறும் பிரதேசப் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு.

இன்றும் இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. கோடையில் குளத்து நீரை மட்டும் நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு அவை அனைத்துக்கும் போதிய நீர் பெரும்பாலான ஆண்டுகளில் இருப்பதில்லை. மழை ஓய்ந்ததும் அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தினரும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பது முதலில் அறிவிக்கப்பட்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அதிலிருந்து தீர்மானிக்கப்படுகிறது. பின்னர் அந்த ஏக்கர்கள் பங்கு அடிப்படையில் பகிரப்படுகின்றன. தம் வயலில் நீர் பாயாத கமக்காரர் நீர் பாயும் வேறொரு பகுதியில் தமக்குரிய பங்கைச் செய்துகொள்கிறார். 24 அடி நீர் நிற்கும் ஆண்டில் 36 அடிக்குரிய விதைப்பை எவரும் கேட்பதில்லை; 24 அடிதானே என்று அந்தப் போகத்தைக் கைவிடுவதும் இல்லை.