எழுவான்: ஓரியெந்தாலிஸ் என்னும் சொல்லும் நம் கரையும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாண்டிருப்புக் கடற்கரையில் உதயகாலத்தில் நிற்பவர், சூரியன் சமுத்திரத்திலிருந்து மேலெழும் காட்சியைக் காணும்போது, இலத்தீன் மொழியினர் கிழக்கைக் குறித்த சொல்லின் மூலத்தையே பிரத்தியட்சமாகக் காண்கிறார். எழுதலைக் குறிக்கும் ‘ஓரிரி’ என்னும் வினையடியாக, ‘எழுகின்ற’ எனப் பொருள்படும் ‘ஓரியென்ஸ்’ தோன்ற, அதனோடு ‘ஆலிஸ்’ விகுதி சேர்ந்து ‘ஓரியெந்தாலிஸ்’, அதாவது ‘கிழக்கிற்குரிய’, என்னும் பெயரடை பிறந்தது.

இப்பெயரடை ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவில் நின்று, அஃறிணை போன்ற பொதுப்பாலில் மட்டும் ‘ஓரியெந்தாலே’ என ஈறு திரியும். தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் எள்ளுக்குச் ‘செசாமும் ஓரியெந்தாலே’ எனப் பெயரிட்டது இவ்விலக்கணம் பற்றியே. தமிழிலோ, ‘கிழக்கு’ என்பது ‘கீழை’ எனத் திரிந்து பெயரடையாகி, கீழைக்காற்று, கீழைநாட்டார் என எப்பாலுக்கும் மாறாது நிற்கும்.

‘கிழக்கு’ நிலம் தாழும் பக்கத்தையும், ‘மேற்கு’ உயரும் பக்கத்தையும் நோக்கிப் பிறந்தவை என்பர். சூரியனை நோக்கிப் பிறந்தவை அல்ல. ஆயினும் பாண்டிருப்புக்கு வடக்கே நீளும் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கையும் நம் மக்கள் எழுவான்கரை, படுவான்கரை என வழங்குகின்றனரே! முன்னது ஓரியென்ஸ், பின்னது, வீழ்தலைக் குறிக்கும் வினையிற் பிறந்து மேற்கைச் சுட்டும் ‘ஒக்சிதென்ஸ்’. தூரதேசத்து இலக்கணநூலில் தேடிய பொருள் நம் வாவிக்கரை வழக்கிலேயே ஜீவனோடு விளங்குதல் எத்துணை ஆனந்தம்! எழுவான், படுவான் என்னும் இவ்விரு சொற்களையும் போற்றிக் காத்தல் நம் கடன்.