பழைய தண்டவாளத்தில் புதிய எஞ்சின்

ஜேர்மனியின் லெஹ்மன் நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்டத்துப் புகையிரதத்தை அறிமுகம் செய்தது. மழையிலும் பனியிலும் கிடக்கக்கூடிய, 45 மில்லிமீற்றர் அகலப் பித்தளைப் பாதை அது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும்.

இச்சிக்கலைத் தீர்க்க வந்ததே டிஜிட்டல் முறை. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களின் முதற்பாதியில் டி.சி.சி. என்னும் பொது நியமத்தை வகுத்தது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எஞ்சினுக்குள் உள்ள டிகோடர் தனக்குரிய கட்டளைக்கு மட்டுமே பணியும்.

அப்படியானால், கால் நூற்றாண்டாகத் தோட்டத்தில் பாதை போட்டவர்களின் கதி? அவர்களைக் கைவிடாததே இவ்வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டிகோடரின் 29ஆம் இலக்க அமைப்பில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதனை இயக்கிவைத்தால், கட்டளை வராத பாதையிலும் எஞ்சின் பழைய நேரோட்ட மின்சாரத்தில் ஓடும். ஆனால் முதற் சில வோல்ட்டை டிகோடரே விழுங்கிவிடும். ஒலி எழுப்பும் எஞ்சினானால் இன்னும் கூடுதலாக. ஆகவே பழைய எஞ்சின் புறப்பட்டுப் போன பின்னரே புதியது அசையும். துடிப்பு முறையில் மின்சாரம் அனுப்பும் கட்டுப்படுத்தியானால் டிகோடர் குழம்பிப்போவதும் உண்டு.

லெஹ்மன் 2006இல் நொடிந்தது. மறு ஆண்டே எல்.ஜி.பி. மார்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பாதையின் அகலம் மட்டும் அதே 45 மில்லிமீற்றர்.