ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்பது அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் 1984 முதல் 1986 வரை இயங்கிய ராக் இசைக்குழு ஆகும். கை பிச்சோட்டோ (பாடகர், கிதார்), எடி ஜானி (கிதார்), மைக் ஃபெலோஸ் (பேஸ் கிதார்), பிரெண்டன் கேன்டி (டிரம்ஸ்) ஆகிய நால்வரும் அந்நகரின் ஹார்ட்கோர் பங்க் குழுக்களில் வாசித்தவர்கள்.

ஹார்ட்கோர் பாடல்கள் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். வேகமும் ஆவேசக் கூச்சலுமே அவற்றின் அடையாளம். நாளடைவில் அரங்குகளில் அடிதடி மலிந்தது. அதில் வெறுப்புற்ற இசைஞர்கள் 1985 கோடையில் வேறு வழி தேடினர். அவர்களுள் இக்குழு முதன்மையானது. வேகத்தை விடாமலே மெட்டுக்கு இடம் கொடுத்தது. இழப்பையும் பிரிவையும் ஒளிவின்றிப் பாடியது.

இயன் மெக்கே தயாரித்த இவர்களின் ஒரே முழு இசைத்தொகுப்பு 1985இல் டிஸ்கார்ட் நிறுவனத்தின் வழியே வெளியானது. மேடையேறிய நிகழ்ச்சிகள் இருபதைத் தொடவில்லை. அவற்றிலும் இசைக்கருவிகள் உடைவது வழக்கமாக இருந்தது!

இப்பாணிக்குப் பிறர் சூட்டிய 'இமோ' என்ற பெயரை இவர்கள் ஏற்கவில்லை. அப்படியானால் முந்தைய குழுக்களெல்லாம் உணர்ச்சியற்ற எந்திரங்களா என்பது பிச்சோட்டோவின் வாதம். நியாயமான கேள்விதான், ஆயினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

1986 தொடக்கத்தில் பதிவான நான்கு பாடல்கள், குழு கலைந்தபின் 1987இல் வெளிவந்தன. பிச்சோட்டோவும் கேன்டியும் பின்னர் மெக்கேயுடன் ஃபுகாசி குழுவில் இணைந்தனர்.