வீட்டு நெட்வொர்க்கில் உள்ளூர்ப் பெயர்கள்

வீட்டு வைஃபையில் இருக்கும் பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர், படங்களைச் சேமிக்கும் கணினி ஆகியவற்றை 192.168 என்று தொடங்கும் எண்களால் அல்லாமல் பெயர் சொல்லி அழைக்கலாம். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று வீட்டிலேயே விடை தருவது உள்ளூர் டிஎன்எஸ் சர்வர். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் அல்லது பை-ஹோல் மென்பொருளை நிறுவினால் போதும். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரில் மாறாத எண்ணை ஒதுக்கி, எண்ணையும் பெயரையும் சர்வரில் பதிந்து, வீட்டுக் கருவிகள் எல்லாம் அந்தச் சர்வரையே கேட்கும்படி ரவுட்டரில் குறிக்க வேண்டும். எண்ணையே நினைவில் வைத்துக்கொள்ளலாமே என்பவர்கள் உண்டு. எண் ஒதுக்காத வீட்டில், மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது நேற்றைய எண் இன்று வேறு கருவிக்குப் போயிருக்கலாம்.

சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, வீட்டு எண்களைப் பொது டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடுவது எளிது என்பது இதைவிட வலுவான மறுப்பு. இணையம் இருக்கும்வரை அது சரிதான். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் தடைபட்டன. அப்படிப்பட்ட நாளில் மயிலாப்பூர் அடுக்குமாடி வீடொன்றில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம், ரெக்கார்டரும் பதிவுசெய்துகொண்டிருக்கலாம். ஆனால் அடுத்த அறையில் இருக்கும் அந்தப் பெட்டியின் முகவரியை வெளியூர்ச் சர்வரிடம் கேட்டால் விடை வராது. ராஸ்பெர்ரி பைக்குச் சில வாட் மின்சாரம் போதும். ரவுட்டரோடு அதையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். வீட்டுப் பொருளின் பெயர் வீட்டுக்குள்ளேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பெயரின் பின்னொட்டில்தான் பலரும் தவறுகிறார்கள். 'லோக்கல்' என்பது சர்வரே இல்லாமல் கருவிகள் ஒன்றையொன்று தேடும் முறைக்கு 2013இல் ஒதுக்கப்பட்டது. அதை டிஎன்எஸ் சர்வரிலும் பயன்படுத்தினால் இரண்டு முறைகளும் மோதும். நாமே ஒன்றைப் புனைந்துகொண்டால் என்ன? 'டெவ்' என்ற பின்னொட்டை அப்படித்தான் நிரலாளர்கள் உள்ளூரில் பயன்படுத்தினார்கள். அது கூகுளின் கைக்குப் போய், 2017 டிசம்பரில் குரோம் உலாவியின் 63ஆம் பதிப்பு அதற்குப் பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கியதும், அவர்களுடைய உள்ளூர்த் தளங்கள் திறக்க மறுத்தன. வீடுகளுக்கென்றே 2018இல் 'ஹோம்.அர்பா' ஒதுக்கப்பட்டது. அழகில்லாத பெயர் என்ற குறை நியாயமானது. அதைப் பொறுக்காதவர்களுக்கு, 2024இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஒதுக்கிய 'இன்டர்னல்' இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும், அந்தப் பின்னொட்டுள்ள கேள்விகளை வெளியே அனுப்பக் கூடாது என்று சர்வருக்குச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக அமைத்தும் ஒரு கைப்பேசிக்கு மட்டும் பெயர் தெரியவில்லையென்றால், அதன் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பைப் பாருங்கள். அது வீட்டுச் சர்வரைத் தாண்டி வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியாக, ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.