நாளில் அளக்கப்படும் ஆண்டுகள்: அந்தமான் தினக்கூலி மஸ்தூர்களும் பணிப்பாதுகாப்பும்

2023 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் தலைமைச் செயலரைப் பணியிடைநீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் தம் சொந்தப் பணத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. செய்தித்தாள்களுக்கு அதிகாரிகளே தலைப்புச் செய்தி. வழக்கின் அடியில் கிடந்ததோ, சுமார் 4,000 தினக்கூலி மஸ்தூர்களுக்கு (கூலித் தொழிலாளர்களுக்கு) உயர்த்திய ஊதியமும் அகவிலைப்படியும் வழங்குவது பற்றிய 2022 டிசம்பர் 19 ஆணை. அதை நிறைவேற்றவில்லை என்பதே நீதிமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டு.

இது ஊதிய வழக்கு. பணிநிரந்தரம் கேட்ட வழக்கு அன்று. இரண்டையும் தனித்தனி உரிமைகளாக வைத்துப் பேசுவது சட்ட எழுத்தில் வழக்கம். தீவுகளில் அந்தப் பிரிவினை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். பணிநிரந்தரத்துக்கான கதவு அடைபட்ட பிறகு, ஒருவரை ஆண்டுக்கணக்கில் தினக்கூலியாகவே வைத்திருப்பதற்கு அரசு கொடுக்க வேண்டிய ஒரே விலை சம ஊதியம்தான்.

கதவு அடைபட்ட வரலாறு சுருக்கமானது. 1988 ஜூன் 7 தேதியிட்ட மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை ஒரு சூத்திரம் தந்தது. நிரந்தரப் பணியாளரின் அதே வேலையை நாளுக்கு எட்டு மணி நேரம் செய்பவருக்கு, அப்பணியின் தொடக்க ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் முப்பதில் ஒரு பங்கு நாள்கூலி. (வேலை மாதக் கணக்கில், ஆள் மட்டும் நாள் கணக்கில் என்பதை அந்தப் பின்னமே ஒப்புக்கொள்கிறது.) 1993இல் வந்த திட்டம் தினக்கூலிகளுக்குத் தற்காலிகத் தகுதி அளித்தது. ஆனால் அது அன்றைக்குப் பணியில் இருந்தவர்களுக்கு மட்டுமே, தொடர்ந்து செல்லும் திட்டம் அன்று என 2002இல் மோகன் பால் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. 2006 ஏப்ரல் 10 அன்று அதே நீதிமன்றத்தின் உமாதேவி தீர்ப்பு வந்தது. முறையான தேர்வின்றி வந்தவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை. பத்தாண்டு கடந்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒருமுறை, விதிவிலக்கு.

உமாதேவியின் கவலை நியாயமானது. பின்வாசல் வழியே வந்தவர் நிரந்தரமானால், தேர்வெழுதக் காத்திருப்பவரின் சமவாய்ப்பு பறிபோகிறது. பின்வாசலில் வந்தவர் தற்காலிகம் என்று தெரிந்தே சேர்ந்தவர் என்பது தீர்ப்பின் மற்றொரு தூண். பேரம் பேசும் வலு அவருக்கு இல்லாமல் இருக்கலாம் என்பதையும் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்காக அரசியலமைப்பு முறையைக் கைவிட முடியாது என்கிறது.

கடல் கடந்தால் இந்தத் தூண் ஆட்டம் காண்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 லட்சம். சட்டமன்றம் கிடையாது, மக்களவையில் ஒரே இடம். சாலை, மின்சாரம், தீவுக்குத் தீவு செல்லும் கப்பல், காடு என எல்லாம் நிர்வாகத்தின் துறைகள். காட்டுத்தொழிலை 2002 மே மாத உச்சநீதிமன்ற ஆணை பெருமளவு நிறுத்திவிட்டது. 1977இல் தொடங்கிய அரசின் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை 2017இல் ஒப்புதல் அளித்தது. சுற்றுலா இருக்கிறது, மீன்பிடிப்பு இருக்கிறது. என்றாலும் ‘வேறு வேலை பார்த்துக்கொள்’ என்ற சொல்லுக்குச் சென்னையிலோ கோவையிலோ உள்ள பொருள், வங்கக் கடலின் நடுவில் இல்லை. வேலை தருபவரும் விதி எழுதுபவரும் ஒருவரே ஆகும்போது, ‘தெரிந்தே சேர்ந்தார்’ என்ற வாதத்தில் என்ன மிஞ்சுகிறது?

இதே முடிச்சைக் கிரேக்கமும் சந்தித்தது. பொதுத்துறையின் குறித்தகால ஒப்பந்தங்களை நிரந்தரமாக மாற்றக் கூடாது என 2001இல் அந்நாடு அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. உமாதேவிக்கு மூன்று மாதம் கழித்து, 2006 ஜூலை 4 அன்று, பால் நிறுவன ஊழியர் தொடுத்த அடெனெலர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியதன் சாரம்: தொடர் ஒப்பந்த முறைகேட்டைத் தண்டிக்க வேறு பயனுள்ள வழி இல்லாத இடத்தில் அத்தகைய தடை செல்லாது. இடையில் இருபது வேலைநாளுக்கு மேல் இடைவெளி விட்டாலே ‘தொடர்ச்சி அறுந்தது’ என்ற கிரேக்க விதியையும் அது ஏற்கவில்லை. பணி முறிப்பு என்று இங்கே பழகிய அதே உத்தி! தேர்வுமுறையைக் காப்பதும் முறைகேட்டுக்கு விலை வைப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உமாதேவி முதலாவதைச் செய்தது. இரண்டாவதற்கு நம்மிடம் உள்ள கருவி, பழைய அந்த முப்பதில் ஒரு பங்குதான். 2016இல் நம் உச்சநீதிமன்றத்தின் ஜக்ஜித் சிங் தீர்ப்பு தற்காலிகப் பணியாளருக்கும் சம ஊதியக் கொள்கை பொருந்தும் என்று உறுதிசெய்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால், தினக்கூலியாக வைத்திருப்பதன் மலிவு தேய்ந்துவிடும். பணியிடங்களை உருவாக்கி முறைப்படி நிரப்பாமலிருக்க நிர்வாகத்துக்குக் காரணமும் குறையும். தொழிலாளர் ஊதியத்தைப் பிடித்துத் தொங்கியதை இப்படித்தான் வாசிக்க வேண்டும்.

இந்த வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தினக்கூலியின் விலை ஏறினால் அரசு நேரடியாக ஆள் எடுப்பதையே விட்டுவிட்டு ஒப்பந்த முகமையிடம் போகும். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்குத் தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தத்தொழில் தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே முதன்மை முதலாளியின் ஊழியராகிவிடுவதில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ தீர்ப்பு, நீண்டகாலத் தற்காலிகப் பணியை மறைக்க உமாதேவியும் வெளிமுகமையும் கேடயமாவதைக் கண்டித்தது. ஆனால் அதில் வென்றவர்கள், துறையே நேரடியாக வேலைக்கு வைத்திருந்தவர்கள். முகமையின் பெயரில் கையெழுத்திடும் நாளைய மஸ்தூர், முப்பதில் ஒரு பங்கைக் கேட்கும் முன்பு, தன் முதலாளி யார் என்பதை மெய்ப்பிக்கும் வழக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.