பேட்டையும் தொழிற்பேட்டையும்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டை, 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஜாகிர்தார் ஒருவரால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதன் மேற்பகுதி கோட்டைமேடு, கீழ்ப்பகுதி பேட்டை. கோட்டையையோ நகரையோ அடுத்து வணிகரும் கைவினைஞரும் தங்கித் தொழில் செய்த இடத்தையே நம் முன்னோர் பேட்டை என்றனர்.

அச்சொல் 1958இல் புதுப்பொருள் பெற்றது. காமராசர் ஆட்சியில், ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது, சென்னை கிண்டியில் தொழிற்பேட்டை உருவாயிற்று. பெருமுதல் இல்லாதவரும் சாலை, நீர், மின்சார வசதியுள்ள இடத்தில் பட்டறை தொடங்க வழி பிறந்தது. பின்னர் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை அமைந்தது. இத்தகைய பேட்டைகளைப் பேண 1970இல் சிட்கோ நிறுவப்பட்டது.

நகரம் விரிந்தது, நில மதிப்பும் ஏறியது. இன்று கிண்டியில் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடி மாளிகைகளான அலுவலகங்கள் எழுந்துள்ளன. அலுவலகம் தரும் வாடகையைக் கடைசல் பட்டறையால் தர இயலாது. பட்டறை ஊருக்கு வெளியே போனால், அதை நம்பியிருக்கும் தொழிலாளியின் பிழைப்பும், அருகிலிருந்து தொழில் பழகும் இளைஞரின் வாய்ப்பும் உடன் போய்விடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் சந்தைக்கென ஓர் இடத்தைக் காட்டி, அதைக் குறைக்கவும் கூடாது, அதன்மீது வரி சுமத்தவும் கூடாது என்று பணித்ததாக இப்னு மாஜாவில் அறிவிப்பு உண்டு. இடம் ஒதுக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. அது சுருங்காதிருக்கவும் வழி செய்தார்கள்.

நம் நகரத் திட்டங்களில் பெரிதும் தவறுவது இந்த இரண்டாவது பணியே. தொழிலுக்கென வகுத்த மனையை வேறு பயனுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம் வரும்போது, அங்கே உழைப்போர் எங்கே போவர் என்பதை முதலில் கேட்பதே நீதி. பெரம்பலூர் போன்ற வளரும் ஊர்களில், நிலம் விலையேறுமுன்பே நாம் இதைக் கேட்டாக வேண்டும்.